முடியாது என்று சொன்ன சனிக்கிழமை

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஐந்து பேரை. வயிற்றில் சுமந்தது நாலு, தங்கை போன பிறகு இடுப்பில் தூக்கி வந்தது ஒன்று. ஐந்தும் பசி தெரியாமல் வளர்ந்தன, ஐந்துக்கும் நானே முன்னால் நின்று கல்யாணம் செய்து வைத்தேன். இதைச் சொல்லிக் கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் வண்டலூரைத் தாண்டிவிடும். ஆனால் வாய் இருக்கிறது. இந்த வாயை வைத்துத்தான் பெருங்களத்தூரில் முப்பத்திரண்டு வருஷமாக மாவுக் கடை நடத்துகிறேன்.

இட்லி மாவு, தோசை மாவு. வேறெதுவும் கிடையாது. இரண்டாவது மகனும் மருமகளும் என்னோடு இருக்கிறார்கள். கடைக்கு மூன்று பெரிய கிரைண்டர், ஒரு குட்டி யானை. மகன் அந்த வண்டியில் டிரம் ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தால் ஒரு நாளைக்கு நூற்று முப்பது கிலோ மாவு ஆட்டலாம். அதற்கு மேல் கிரைண்டரே ஒத்துக்கொண்டாலும் எங்கள் இடுப்பு ஒத்துக்கொள்ளாது. ஆட்டினால் மட்டும் போதுமா? மாவு புளிக்க வேண்டும். மாவை யாரும் விரட்ட முடியாது.

முன்பெல்லாம் தெருவே பாத்திரத்தோடு வந்து நிற்கும். இப்போது பாக்கெட் மாவு எல்லாக் கடையிலும் தொங்குகிறது. கடைக்கு வந்து வாங்குகிறவர்களை நம்பினால் தினம் முப்பது கிலோ போகும். மருமகள் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள். "அத்தை, பொங்கல் வரைக்கும் பாப்பேன். ஒரு பெரிய ஆர்டர் நிரந்தரமா புடிக்கலைன்னா கடையை மூடிடலாம். நான் தையல் கம்பெனிக்குப் போறேன்." சொன்னதோடு நிற்கவில்லை. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனைக் குறிவைத்தாள். மூன்று மாதம் தூக்குவாளியில் மாவை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடி, மூடி திறந்து அடுத்தவன் பேன்ட்டில் வழிந்து, அவனிடம் திட்டு வாங்கி, போய்ப் போய் வந்தாள். அந்த கேன்டீன் மேனேஜர் "சொல்றேம்மா, சொல்றேம்மா" என்றே மூன்று மாதத்தை ஓட்டினார்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. என் மாமியார் வைத்துவிட்டுப் போன சட்டம் இரண்டு. காலையில் முதல் போணிக்கு வந்தவரிடம் "இல்லை" என்றோ "முடியாது" என்றோ சொல்லக் கூடாது. அவர் யானைப்பால் கேட்டாலும் "ஆகட்டும்" என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது, முதல் போணி என்ன ஆனது என்பதை அடுத்த போணி ஆகிற வரைக்கும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கண் பட்டுவிடும். அவர் காலத்தில் ஒரு ஆட்டுக்கல், ஒரு வாய். சட்டம் சரியாக ஓடியது. எங்களுக்கோ மூன்று கிரைண்டர், மூன்று வாய். என் கையில் ஒரு போன், மருமகள் கையில் கடை போன், மகன் கடைவாசலில். இதை யாருமே யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. கடைப்பக்கம் ஒரு ஈ வந்ததாகவும் தெரியவில்லை. நான் பின்கட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. கல்யாணச் சமையல் செய்கிற ஆள், இருபது வருஷப் பழக்கம். "ஆயா, திங்கக்கெழம ஒரு நிச்சயதார்த்தம். அறுபது கிலோ மாவு போட்டுக் குடு" என்றார். முதல் போணி. "ஆகட்டும்ப்பா" என்றேன்.

உளுந்தை வைத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். மகன் வாசலில் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். மருமகள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தராசையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் என்ன நினைத்தேன் என்றால், மழை பெய்தால் இதுகளுக்குக் குஷி வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் உள்ளே குதித்துக்கொண்டிருந்தது. அறுபது கிலோ என்ன சின்ன விஷயமா? மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாராவது ஒருவர் அரைக் கிலோ வாங்க வந்தால் போதும், சொல்லிவிடலாம். யாரும் வரவில்லை. மகன் இருப்புக் கொள்ளாமல் சீட்டியடித்தான். மருமகள் பாட ஆரம்பித்தாள். கல்யாணமாகி வந்து பதினாறு வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

பத்து மணிக்கு எதிர்வீட்டுப் பெண் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்து அரைக் கிலோ தோசை மாவு வாங்கினாள். அவள் படியிறங்கியதுதான் தாமதம், மூன்று வாயும் ஒரே நேரத்தில் திறந்தன.

"திங்கக்கிழமைக்கு அறுபது கிலோ" என்றேன் நான்.

"திங்கக்கிழமைக்கு எழுபது கிலோ, பெரிய அபார்ட்மென்ட் ஆண்டு விழா. செகரட்டரியே குடை புடிச்சிக்கினு வந்து சொல்லிட்டுப் போனாரு" என்றான் மகன்.

"திங்கக்கிழமைக்கு எண்பது கிலோ, கேன்டீன். முதல் தடவை பாத்துட்டு நல்லா இருந்தா தினம் எடுத்துக்கறோம்னு சொன்னாரு" என்றாள் மருமகள்.



எனக்குக் கணக்கு எழுத வராது, போட வரும். மூன்று பேருக்கும் சேர்த்து இருநூற்றுப் பத்து. கடைக்கு முப்பது. இருநூற்று நாற்பது. கையில் இருக்கிற தெம்பு நூற்று முப்பதுக்கு. மருமகள் "ஐயோ அத்தை" என்று சொல்லிவிட்டு அப்படியே சிரிக்க ஆரம்பித்தாள். அழுகைதான் வழி தெரியாமல் சிரிப்பாக வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. மகன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "பைத்தியம் புடிச்சுக்கிச்சா ரெண்டு பேருக்கும்?" என்றான்.

அவன் ஒரு வழி சொன்னான். "கேன்டீனுக்குக் குடுத்துடலாம். மத்த ரெண்டு பேருக்கும் திங்கக்கிழமை காலைல போன் பண்ணி கிரைண்டர் புகைஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம்மா."

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். என்னிடமிருந்து வந்த பேச்சுதான் அது. முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் கடையில் "வண்டி கிளம்பிடுச்சு" என்று சொன்னபோதெல்லாம் வண்டி வாசலில் நின்றது. "அஞ்சு நிமிஷம்" என்றால் ஊற வைத்த அரிசியை அப்போதுதான் வடித்திருப்போம். "பாத்துக்கலாம்", "பண்ணிடலாம்", "கவலையே படாதீங்க". இவையெல்லாம் நான் விற்ற சரக்குதான். மாவைவிட அதிகமாக விற்றிருப்பேன்.

ஆனால் அந்தச் சமையல்காரர் முகம் கண்ணில் வந்து நின்றது. நிச்சயதார்த்த வீட்டில் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு மாவுக்குக் காத்திருப்பார். போனை எடு என்றேன். மகன் எடுத்துப் பெயரைத் தேடி அழுத்திக் கொடுத்தான்.

"சொல்லு ஆயா" என்றார் அவர்.

"சாப்ட்டியாப்பா?"

"மணி பத்தேகால்தான் ஆவுது. இன்னாத்த சாப்ட?"

"உங்க பக்கம் மழை எப்படி?"

"அதே மழைதான். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா பெய்யுது?"

"முட்டி வலி தேவலையா?"

"எனக்கு ஏது முட்டி வலி? அது உனக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "ஆயா, யாரு போயிட்டாங்க? பரவால்ல, சொல்லிடு."

"யாரும் போவல. திங்கக்கிழமை மாவு முடியாது."

சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கடுகு வெடித்தது. என் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்."

"இதுக்கா என் முட்டிய இழுத்த? இன்னிக்கு சனிக்கெழமதான, இன்னும் நாள் கீது. சேலையூர்ல ஒருத்தன் கீறான், அவங்கைல சொல்லிக்கிறேன். போன வருசம் ஒரு மாவுக்காரன் முகூர்த்தத்தன்னிக்குக் காலைல போன் பண்ணி கிரைண்டர் புகைஞ்சிடுச்சுன்னான். மாப்ள வூட்டுக்காரங்களுக்கு பயந்துகினு நான் டெம்போல ஏறி சாமான் பக்கத்துல படுத்துக்கினேன். அவனுக்கு நீ தேவல. வை போனை, கரியுது."

போன் பேச்சு கடை முழுக்கக் கேட்டது. மகன் கிரைண்டரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வெறும் வயிற்றில் கோலி சோடா குடித்த மாதிரி மூக்கு வரைக்கும் ஏறியது. வியாபாரத்தில் நான் சொன்ன முதல் முடியாது அது. வானம் இடிந்து விழவில்லை. அந்த ஆள் திட்டக்கூட இல்லை. இத்தனை வருஷம் இதை வாயிலேயே வைத்துக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தேனே என்று நினைத்தேன். "அடுத்த நம்பரைப் போடு" என்றேன்.

அபார்ட்மென்ட் செகரட்டரி ரிட்டயர் ஆன அதிகாரி. நிதானமாகப் பேசுவார். "என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நோட்டீஸ் போர்டுல மெனுவே ஒட்டியாச்சு. அறுபதாவது குடுங்களேன்."

"முடியாது சார்."

"ஐம்பது?"

"முடியாது."

"சரி, நாற்பது. உங்களுக்காக."

"எனக்காக வேணாம் சார். நாற்பதும் முடியாது."

"முப்பது?"

"முடியாது."

"அப்ப எதுதான்மா முடியும்?"

"இருபது முடியும்."

"முடியுமா?" என்றார். அந்த முடியும் என்ற ஒரு வார்த்தைக்கு அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். "ரொம்ப நன்றிம்மா. இருபதுல குழந்தைகளுக்கு மட்டும் ஊத்தப்பம் போட்டுக்கறோம். மத்தவங்களுக்கு பூரி."

அவ்வளவுதான். என்னைப் பிடிக்க ஆளில்லை. அடுத்த அரை மணி நேரத்தில், மிக்ஸி இரவல் கேட்ட பக்கத்து வீட்டுக்காரிக்கு முடியாது. போனில் லோன் வேண்டுமா என்று கேட்ட பெண்ணுக்கு, அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே முடியாது. சாக்கு அடுக்க வந்து டீ கேட்ட மகனுக்கு முடியாது. "நீ போட்டு எனக்கும் ஒண்ணு கொண்டா" என்றேன். மருமகள், "அத்தை, போதும், வழியில போற பஸ்ஸுக்கெல்லாம் சொல்லிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சுவரில் சாக்பீஸால் பதின்மூன்று கோடு போட்டாள். ஒரு கோடு பத்துக் கிலோ. யார் யாருக்கு ஆகட்டும் சொன்னாலும் அவ்வளவு கோட்டை அழித்துவிட வேண்டும். அழிக்கக் கோடு இல்லாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. நான் படிக்கிற மாதிரி எழுதியவள் அவள் ஒருத்திதான். கடைக்கு மூன்று, அபார்ட்மென்ட்டுக்கு இரண்டு, கேன்டீனுக்கு எட்டு. சுவர் சுத்தமாகிவிட்டது.

அவள் கை கழுவப் பின்பக்கம் போனாள். கல்லாவின் மேல் கடை போன் அடித்தது. எடுத்தேன். திரையில் பெயர் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு அது கோலம் மாதிரி.

"மேடம், திங்கக்கிழமைக்கு எண்பதுன்னு சொன்னேன்ல, அதை நூத்தி இருபதா பண்ணிடுங்க. இன்னொரு ஷிஃப்ட் சேருது" என்றது ஒரு ஆண் குரல்.

"முடியாது" என்றேன்.

எண்பது என்று அவர் சொன்னதே அதற்குப் பிறகுதான் என் தலைக்குள் போனது. மருமகள் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள். அவள் முகத்தில் அந்த மூன்று மாதமும் தெரிந்தது, தூக்குவாளி, பஸ், எல்லாம்.

"யாருங்க பேசறது?" என்றார் மேனேஜர்.

"மாவுக் கடை மாமியார்."

"அவங்க காலைல சரின்னு சொன்னாங்களே?"

"எண்பதுக்குச் சொன்னா. எண்பது வரும் சார். காலைல ஆறு மணிக்கு, பதமா புளிச்சு வரும். நூத்தி இருபது முடியாது."

"மத்த கடையில எல்லாம் பண்ணிடலாம்னு சொல்றாங்கம்மா."

"சொல்லுவாங்க சார். நானும் நேத்து வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். எண்பது கிலோ மாவுல நாற்பது கிலோ தண்ணி ஊத்தினா நூத்தி இருபது ஆகும். இட்லி ஆகாது."

"ஒரு நிமிஷம் இருங்க" என்றார். போன் கட்டாகிவிட்டது.

மருமகள் மெதுவாகச் சொன்னாள். "அத்தை, அது கேன்டீனு."

"தெரியும்."

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"பாதியில தெரிஞ்சுது."

அவள் உளுந்து மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "அந்த அபார்ட்மென்ட் இருபதைத் திருப்பியிருந்தா நூறாவது குடுத்திருக்கலாம்" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அந்த மனுஷன்கிட்ட முடியும்னு சொல்லியாச்சும்மா" என்றேன். மகன் காரணமே இல்லாமல் வண்டியை ஸ்டார்ட் செய்து, காரணமே இல்லாமல் நிறுத்தினான்.

எனக்குள் ஏறியிருந்த சோடா அப்போதுதான் இறங்கியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொள்கிற ஆளும் நான் இல்லை. ஆனால் மூன்று கிரைண்டரையும் துணி போட்டு மூடி வைத்திருக்கிற மாதிரியும், மருமகள் டிபன் டப்பாவோடு தையல் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற மாதிரியும், நான் டிவி முன்னால் உட்கார்ந்து விளம்பரத்தில் பாக்கெட் மாவைப் பார்க்கிற மாதிரியும் தெரிந்தது. சாதம் இறங்கவில்லை. மழை விட்டது. பாத்திரத்தோடு ஆட்கள் வந்தார்கள். அளந்து கொடுத்தோம். ஒவ்வொரு முறை போன் அடித்தபோதும் மூன்று கை நீண்டது.

மூன்று மணிக்கு அவர் கூப்பிட்டார். மருமகள் எடுத்து "சார்" என்றாள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு போனை நீட்டினாள். "அந்த முடியாதும்மா கிட்ட குடுங்கன்றாரு."

"மூணு கடைக்குப் பேசினேன்" என்றார் மேனேஜர். "பண்ணிடலாம்னாங்க. எப்படிப் பண்ணுவீங்கன்னு கேட்டேன். பண்ணிடலாம் சார்னாங்க. போன மாசமும் இதேதான் சொன்னாங்க. முன்னூறு பேர் தட்டோட நின்னாங்க, நான் கிச்சன் பின்வாசல் வழியா வெளிய போய்ட்டேன். நீங்க எண்பதே அனுப்புங்க. இன்னொரு ஷிஃப்ட்டுக்குப் பொங்கல் போட்டுக்கறேன். இப்ப நான் சொன்னதை நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க."

"எண்பது கிலோ, திங்கக்கிழமை, ஆறு மணி. இன்னொரு ஷிஃப்ட்டுக்குப் பொங்கல். பின்வாசல் வழியா போக வேண்டியதில்லை" என்றேன்.

அவர் சிரித்த சத்தம் வாசலில் நின்ற மகனுக்கே கேட்டது.

ஞாயிறு காலையில் ஊற வைத்து, மத்தியானம் ஆட்டி, திங்கள் விடியற்காலை டிரம் மூடியைத் திறந்தபோது மாவு பஞ்சு மாதிரி எழும்பி நின்றது. மருமகளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கேட்டில் நின்றார்களாம். புதன்கிழமையே தினம் எண்பது என்று பேசி முடித்துவிட்டார்கள். தையல் கம்பெனியைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. முதல் போணி சட்டம் இரண்டையும் எடுத்துவிட்டோம். மாமியார் படத்துக்கு ஒரு வாரம் நேராக நின்று பூப்போட முடியவில்லை. பிறகு பழகிவிட்டது.

ஒரே ஒரு சங்கடம். கேன்டீன் மேனேஜர் கூப்பிடும்போதெல்லாம் "முடியாதும்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார். மருமகளுக்கு அது பிடிக்கவில்லை. மூன்று மாதம் பஸ்ஸில் நின்றது தான் என்றும், ஆர்டரைப் பிடித்தது தான் என்றும், நடுவில் ஒரு கிழவி வந்து கெடுக்கப் பார்த்தாள் என்றும் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் நின்றது உண்மை. அதை நானும் சொல்லியிருக்கிறேன். மீதியை நான் சொன்னபடி நீ எழுதியிருக்கிறாய் என்று நம்புகிறேன்.

எங்கே, பேத்தி, மொதல்லேர்ந்து ஒரு தடவை படிச்சுக் காட்டு. எங்கயாவது புரியலைன்னா அங்கயே நிறுத்திக் கேளு, வேற மாதிரி சொல்றேன். அந்த மூணு மணி போன் வர்ற இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமா படி. உங்கம்மா உள்ளதான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருக்கா.